மரம் உக்குவது எவ்வாறு?

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் எங்களுக்கு மரம் கையோடு பழகிய பொருள். கொட்டியாரக் குடாவில் ஓடும் வள்ளங்களும், பழைய வீடுகளின் கூரைகளும், வீதியோரத்து மரக்காலைகளும் எங்கள் கண்ணில் நாள்தோறும் படுவன. எங்கள் ஊரின் பெயரைத் தாங்கிய மரம் ஒன்றுகூட உண்டு. தமிழில் சாவண்டலை என்றும் சிங்களத்தில் ஹல்மில்லை என்றும் வழங்கும் அம்மரத்தை ஆங்கில வணிகர் திருகோணமலை மரம் என்றே அழைத்தனர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அது சென்னைக்குக் கப்பலேறியது. அங்கே அலையைக் கிழித்துக்கொண்டு கரைக்கும் கப்பலுக்கும் இடையே சென்று வந்த மசூலாப் படகுகளைக் கட்ட அதனை விரும்பி வாங்கினர். இத்தகைய ஊரிலிருந்து வந்து, மரத்தின் வலிமையைப் பாடாமல் அது உக்கிப்போவதைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அதற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை இரவொன்றில், நான் அதிபராகப் பொறுப்பேற்றிருந்த பாடசாலையொன்றில் வகுப்பறைக் கூரையின் தீராந்தி ஒன்று முறிந்து வீழ்ந்தது. ஓடுகள் முழுவதும் மேசைகளின் மேலே கிடந்தன. வெள்ளிக்கிழமை பிற்பகல் வரை அவ்வறையில் முப்பத்தேழு பிள்ளைகள் இருந்து படித்தனர். ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை என்று ஊரார் ஆறுதல் கூறினர். எனக்கு அந்த ஆறுதல் போதவில்லை. ஏனெனில் ஆவணி மாதத்தில், மழைக்கு முன்னர், கட்டடங்களைப் பார்வையிட்டுப் பதிவேட்டில் 'நன்னிலையில் உள்ளது' என்று எழுதிக் கையொப்பம் இட்டவன் நானே. தீராந்தியை நான் நிமிர்ந்து பார்த்தேன். பச்சை நிறப் பூச்சு புத்தம் புதிதாக மினுங்கியது. அதற்கு மேல் ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் கிண்ணியாவிலிருந்து முதிய ஓடாவி ஒருவரை அழைத்து வந்தோம். அவர் முறிந்த துண்டைக் காலால் புரட்டினார். பின்னர் ஒரு கையாலேயே தூக்கினார். சுவருக்குள் புதைந்திருந்த நுனியை விரலால் கிள்ளினார். அது வெளிறிய நார் நாராக உரிந்து வந்தது. "சேர், இது செத்து ரெண்டு மூணு வருசமாச்சு. பெயின்ற்தான் பிடிச்சிக்கொண்டு நிண்டது" என்றார். மரம் உக்குவதில் எத்தனை வகை உண்டு என்று கேட்டேன். "ரெண்டு வகை. ஒண்டு புட்டு மாதிரி உதிரும், நிறம் கபிலம். மற்றது தும்பு மாதிரி உரியும், நிறம் வெள்ளை. இது தும்பு" என்றார்.

நான் விஞ்ஞானம் பயின்றவன் அல்லன். வரலாறும் தமிழும் கற்ற கலைப்பட்டதாரி. ஆயினும் அவர் கூறிய புட்டும் தும்பும் என் மனத்தை விட்டு அகலவில்லை. எங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டேன். நூல்களையும் தேடிப் படித்தேன். அவ்வோடாவி கைப்பழக்கத்தால் அறிந்திருந்த அந்த இரு வகைகளே விஞ்ஞானிகளும் வகுத்த வகைகள் என்று கண்டபோது நான் அடைந்த மகிழ்ச்சி சிறிதன்று. கபில உக்கல், வெள்ளை உக்கல் என்றே அவர்களும் பெயரிட்டிருக்கின்றனர்.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணர, மரம் எதனால் ஆயது என்பதை முதலில் அறிதல் வேண்டும். கம்பியும் சீமெந்தும் சேர்த்துக் கட்டிய தூணை நினைத்துக்கொள்ளுங்கள். மரத்தில் கம்பியின் இடத்தில் நிற்பது செலுலோசு. அது வெல்ல மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே ஒழுங்கில் கோத்த நீண்ட நூல். அந்நூல்களைச் சூழ்ந்து நின்று இறுகப் பிடித்து, மரத்துக்கு விறைப்பையும் நீர் புகாத தன்மையையும் தருகின்ற சாந்து இலிக்கினின் எனப்படும். மரத்தின் நிறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இதுவே. புல்லும் கீரையும் வளைவதற்கும், முதிரையும் பாலையும் ஓடாவியின் உளியை மழுக்குவதற்கும் பெருங்காரணம் இதன் அளவும் அமைப்புமே ஆகும்.

கபில உக்கலை உண்டாக்கும் பங்கசு கம்பியை உருவிச் சாந்தை விட்டுச் செல்கின்றது. எஞ்சிய இலிக்கினின் கபில நிறமாகக் கட்டி கட்டியாக வெடித்து, தொட்டால் உதிர்கின்றது. வெள்ளை உக்கலை உண்டாக்கும் பங்கசோ சாந்தையே கரைக்கின்றது. நிறம் தரும் இலிக்கினின் போய்விடுவதால் மரம் வெளிறுகின்றது. எஞ்சிய செலுலோசு நாராகத் தொங்குகின்றது. புட்டும் தும்பும் என்று அவர் சொன்னதன் பொருள் இதுதான்.

இனி, வியப்புக்குரிய பகுதிக்கு வருகின்றேன். உயிர்கள் உணவைச் சிதைப்பது நொதியங்கள் என்னும் புரதங்களால். நம் வாயிலூறும் உமிழ்நீரிலும் ஒரு நொதியம் உண்டு. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது அதனாலேயே. நொதியம் ஒவ்வொன்றும் ஒரு திறப்புப் போன்றது. தனக்குரிய பூட்டை மட்டும் அது திறக்கும். செலுலோசு நூலில் ஒரே பூட்டு ஆயிரம் முறை திரும்பத் திரும்ப வருவதால், அதற்கேற்ற திறப்பைப் பெற்ற உயிர் அதனை எளிதில் அறுத்துவிடும். ஆனால் இலிக்கினினில் ஒழுங்கு என்பதே இல்லை. மூன்று வகை மூலக்கூறுகள், எத்தனையோ விதங்களில், கண்டபடி ஒன்றோடொன்று பிணைந்து முப்பரிமாண வலையாக நிற்கின்றன. பூட்டுகள் எல்லாம் வெவ்வேறு. எந்தத் திறப்பும் பொருந்தாது. ஆகவே இவ்வுலகத்து உயிர்களில் மிகப் பெரும்பாலானவை அதன் முன்னே தோற்று நிற்கின்றன. மாட்டின் இரைப்பையும் அதற்கு விலக்கன்று.

வெள்ளை உக்கற் பங்கசு என்ன செய்கின்றது? அது திறப்பைத் தேடுவதில்லை; கதவுக்குத் தீ வைக்கின்றது. இதனை நான் உவமையாக மட்டும் கூறவில்லை. 1983ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து மடிசன் நகரில் உள்ள வனப்பொருள் ஆய்வுகூடத்தில் டியென், கேர்க் என்னும் இருவரும், ஒரிகன் மாநிலத்தில் கோல்ட் என்பவரின் குழுவினரும், ஒருவரையொருவர் சாராமல் ஒரே காலத்தில் ஒரு நொதியத்தைக் கண்டறிந்தனர். இலிக்கினின் பேரொட்சிடேசு என்பது அதன் பெயர். அதன் நடுவே இரும்பு அணு ஒன்று அமர்ந்திருக்கின்றது, நமது குருதியின் செந்நிறப் பொருளில் அமர்ந்திருப்பது போலவே. பங்கசு தானே சுரக்கும் ஐதரசன் பேரொட்சைட்டைக்கொண்டு அந்நொதியம் வலிமை பெறுகின்றது. காயத்தைக் கழுவ மருந்துக்கடையில் வாங்குவோமே, அதே பொருள்தான். வலிமை பெற்ற நொதியம் இலிக்கினினின் வளையம் ஒன்றிலிருந்து ஓர் இலத்திரனைப் பறிக்கின்றது. அவ்வளவே அதன் வேலை. இலத்திரனை இழந்த மூலக்கூறு நிலைகுலைந்து, அதன் பிணைப்புகள் தாமாகவே அறுந்து விழுகின்றன. எந்தப் பிணைப்பு அறுந்தது என்பதைப் பற்றி நொதியத்துக்குக் கவலை இல்லை. விறகு எரியும்போது நிகழும் ஒட்சியேற்றமும் இதுவும் அடிப்படையில் ஒரே இனத்தவை. தீ விரைந்தும் வெப்பத்தோடும் செய்வதைப் பங்கசு ஈரத்திலே, சுவாலையின்றி, மாதக்கணக்கில் செய்கின்றது.

இதிலும் ஓர் இடர் இருந்தது. நொதியம் பருமன் மிக்க புரதம். திண்ணிய மரத்தின் நுண்துளைகளுக்குள் அது நுழைய இயலாது. அரண்மனை வாயிலில் யானை நிற்பது போன்ற நிலை. யானை நுழையாத வாயிலில் எறும்பு நுழையுமன்றோ? 1984ஆம் ஆண்டில் கோல்ட் குழுவினர் கண்ட இரண்டாவது நொதியம் இதற்கு விடையாயிற்று. மங்கனீசுப் பேரொட்சிடேசு என்னும் அந்நொதியம் மரத்தில் இயல்பாகவே சிறிதளவு காணப்படும் மங்கனீசை ஒட்சியேற்றி அனுப்பிவைக்கின்றது. பங்கசு சுரக்கும் ஒட்சாலிக்கமிலத்தின் துணையோடு அச்சிறிய மங்கனீசு அயன் உள்ளே ஊடுருவி, வேண்டிய அழிவைச் செய்துவிட்டு வருகின்றது. வெள்ளை உக்கல் கண்ட மரத்தில் சிறு சிறு கரும்புள்ளிகள் காணப்படுவதுண்டு. அவற்றுட் சில இவ்வாறு திரண்ட மங்கனீசே. எங்கள் தீராந்தியிலும் கரும்புள்ளிகள் இருந்தன. எறும்பின் எச்சம் என்று அன்று நான் எண்ணினேன்.

மூன்றாவது நொதியம் ஒன்றும் இப்பணியில் துணை நிற்கின்றது. இலக்கேசு என்னும் அந்நொதியத்தில் இரும்பு இல்லை, செம்பு உண்டு. யப்பானிய அரக்கு மரத்தின் பாலிலே யொஷிடா என்பவர் 1883ஆம் ஆண்டிலேயே அதனைக் கண்டுவிட்டார். மற்ற இரண்டுக்கும் நூறாண்டு மூத்தது.

இத்துணைப் பாடுபட்டு உடைக்கும் இலிக்கினின் அப்பங்கசுக்கு உணவா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் இல்லை. இலிக்கினினை மட்டும் கொடுத்தால் அது உயிர் வாழாது. சாந்துக்குள் மறைந்திருக்கும் செலுலோசே அது விரும்பும் உணவு. வேலியை வெட்டுவது தோட்டத்துக்குள் புகுவதற்காகவே. ஆய்வாளர்கள் பெரிதும் ஆராய்ந்த பனரோக்கீற்றே கிரைசோஸ்போரியம் என்னும் பங்கசு, நைதரசன் போதாமல் பசித்திருக்கும்போதே இந்நொதியங்களை மிகுதியாகச் சுரக்கின்றது. மரத்தில் நைதரசன் மிகக் குறைவு என்பதை நினைத்தால், இஃது எத்துணைப் பொருத்தமான ஏற்பாடு என்பது விளங்கும். அப்பங்கசு 40 பாகை வெப்பத்திலும் செழித்து வளரும். எங்கள் ஊர் வைகாசி வெயில் அதற்கு ஒரு பொருட்டன்று.

இப்பங்கசுகள் மனிதருக்குச் செய்த தீங்குகளை நினைக்கும்போது, எங்கள் ஊர்ப்பெயர் தாங்கிய கப்பல் ஒன்று நினைவுக்கு வருகின்றது. 1810ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெள்ளோட்டம் விடப்பட்ட 'குயின் சார்லட்' என்னும் பெரும் போர்க்கப்பல், சேவையில் சேருமுன்னரே உக்கத் தொடங்கிற்று. 1812இல் சௌவர்பி என்னும் இயற்கை ஆராய்ச்சியாளரை அழைத்து, அக்கப்பலில் முளைத்திருந்த பங்கசுகளை ஆராயச் செய்தனர். நன்கு உலராத மரத்தைக்கொண்டு கட்டியதும், உள்ளே காற்றோட்டம் இன்மையும் கேட்டுக்குக் காரணங்கள் ஆயின. போரினால் கருவாலி மரமும் அருகிப்போகவே, ஆங்கிலேயர் பம்பாயின் கப்பற்றளத்தை நாடினர். அங்கே யம்செட்ஜி பொமன்ஜி வாடியா என்னும் பார்சிக் கப்பற்றச்சர் மலையாளக் கரைத் தேக்கினால் கட்டிய போர்க்கப்பலுக்குத் 'திருகோணமலை' என்றே பெயரிட்டனர். 1817ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆம் நாள் அது கடலில் இறங்கிற்று. இருநூறு ஆண்டுகள் கடந்த பின்னும் இங்கிலாந்தின் ஹார்ட்லிபூல் நகரில் நீரின் மேலே மிதந்துகொண்டிருக்கின்றது. தேக்கின் வைரத்தில் ஊறியுள்ள எண்ணெய்த் தன்மையான பொருள்கள் பங்கசுக்கு நஞ்சாக இருப்பதே இந்நீண்ட ஆயுளின் இரகசியம். முதிரைக்கும் பாலைக்கும் உள்ள பெருமையும் இத்தகையதே. ஆனால் வைரத்துக்கு உள்ள இக்காப்பு வெளிப்புறத்து வெளிறிய மரத்துக்கு இல்லை. இன்று மரக்காலையில் தேக்கு என்று விலைபேசி வாங்கும் இளமரத்தில் வைரம் எவ்வளவு, வெளிறு எவ்வளவு என்பதைப் பார்த்து வாங்குவோர் சிலரே.

தீங்கை மட்டும் கூறினால் ஒரு பக்கத்து வழக்காகிவிடும். கந்தளாய்க் காட்டிலே ஒரு பாலை மரம் வீழ்ந்தால் அது மீண்டும் மண்ணாவது எவ்வாறு? பூட்டிக்கிடக்கும் அதன் காபனை வளிக்கும் மண்ணுக்கும் திருப்பித் தருவோர் யார்? இப்பங்கசுகளே. நிலக்கரியின் கதையிலும் இவற்றுக்கு ஒரு பங்கு கூறுவர். ஏறத்தாழ 36 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கி 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் முடிந்த காலத்தில் பெருங்காடுகள் புதைந்து நிலக்கரியாயின. 31 பங்கசுகளின் மரபுச் செய்தியை ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வு ஒன்று, வெள்ளை உக்கலின் நொதியங்கள் அக்காலத்தின் முடிவை ஒட்டியே தோன்றியிருக்கலாம் என்றது. அதன் பின்னர் நிலக்கரி குறைந்தமைக்கு அதுவே காரணமாகலாம் என்றும் கருதியது. 2016இல் வேறு ஆய்வாளர் இதனை மறுத்தனர். நிலம் தாழ்ந்ததும், சதுப்பும் மழையும் மிகுந்ததுமே நிலக்கரி குவியக் காரணம் என்பது அவர்கள் வாதம். பின்னவர் கூற்றே எனக்கு வலுவுடையதாகப் படுகின்றது. சதுப்பு நீரில் மூழ்கிய மரத்துக்குப் பங்கசு எந்தக் காலத்திலும் அஞ்சத்தக்க பகையன்று. அதே 2016இல், எங்கள் குடாவின் தென்கரையில் உள்ள சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் அமைக்கும் திட்டம் கைவிடப்பட்டது. உக்காமற் போன அப்பழங்காட்டு மரங்கள் எங்கள் கரையில் வந்து எரியவேண்டிய நாள் அவ்வாறு தவறிப்போயிற்று.

மழை விழுந்ததும் புற்றிலிருந்து கிளம்பும் காளானை நம்மில் உண்ணாதார் குறைவு. அதுவும் இக்கதையில் ஓர் அத்தியாயம். கறையான் தின்ற மரத்தில் உள்ள இலிக்கினினை அதனால் தனித்துச் சிதைக்க முடிவதில்லை. ஆதலின் ஒரு வகைக் கறையான், புற்றின் உள்ளே தன் எச்சத்தால் தேன்கூடு போன்ற பாத்தி அமைத்து, அதில் பங்கசைப் பயிரிட்டு, அது பக்குவப்படுத்தியதை மீண்டும் உண்கின்றது. மனிதன் கலப்பை பிடிப்பதற்கு மிக முன்னரே கறையான் கமக்காரன் ஆகிவிட்டது. தரங்கம்பாடியில் மருத்துவராக வந்து தங்கிய கேனிக் என்பவர் இப்பாத்திகளைக் கண்டு 1779இல் எழுதினார். நமது பேராதனைத் தாவரப் பூங்காவில் பணியாற்றிய பெற்ச் என்னும் பங்கசு ஆய்வாளர் 1906இல் இவற்றைப் பற்றி விரிவான ஆராய்ச்சியொன்றை வெளியிட்டார். இறப்பர் மரத்தின் வேரைத் தாக்கும் வெண்வேர் நோயை இந்நாட்டில் ஆராய்ந்தவரும் அவரே. அந்நோயை விளைப்பதும் ஒரு வெள்ளை உக்கற் பங்கசு.

கறையான் செய்ததை இன்று நாமும் செய்கின்றோம். சந்தையில் பொலித்தீன் பையில் விற்கும் சிப்பிக்காளான் ஒரு வெள்ளை உக்கற் பங்கசு. இறப்பர் மரத்தூளோடு தவிடு கலந்து, பையில் அடைத்து, ஆவியில் அவித்து ஆறிய பின் வித்தை இடுகின்றனர். சில வாரங்களில் கபில நிறத் தூள் வெண்ணிறக் கட்டியாகின்றது. எங்கள் தீராந்திக்குள் நிகழ்ந்ததும் அதுவே. இங்கே அது கறியாகின்றது. வைக்கோலிலும் அது விளையும். தம்பலகாமத்து வயல்களில் சூடடித்த பின்னர் எரித்துவிடும் வைக்கோலைப் பார்க்கும்போதெல்லாம், கையில் வந்த உணவைத் தீயிலிடுகின்றோமே என்று நான் வருந்துவதுண்டு. குடிசைக்குள் காளான் வளர்ப்போருக்கு ஒரு சொல்: குடை முழுவதும் விரியுமுன்னரே பறித்துவிடுங்கள். பறக்கும் வித்துத்தூள் சிலருக்கு நெஞ்சில் நோயை உண்டாக்கும்.

திறப்புக்கு அடங்காத பூட்டையும் உடைக்கும் அந்நொதியங்கள் வேறு பணிகளுக்கும் உதவும். 1985இல் டீ.டீ.ரீ. என்னும் பூச்சிகொல்லியையும் அதுபோன்ற நஞ்சுகளையும் பனரோக்கீற்றே பங்கசு சிதைப்பதைக் கண்டனர். எண்ணெய்க் கழிவில் உள்ள சில வளையச் சேர்வைகளும் அவ்வாறே சிதைகின்றன. சீனக்குடாவில் காடு மூடிக்கிடக்கும் பழைய எண்ணெய்க் குதங்களின் பக்கமாகச் செல்லும்போது, அங்கே வீழ்ந்த மரங்களில் அடுக்கடுக்காக முளைத்திருக்கும் பங்கசுகளை நான் இப்போது வேறு கண்ணோடு பார்க்கின்றேன். எனினும் ஆய்வுகூடத்துக் குடுவையில் நிகழ்வது திறந்த மண்ணில் அத்தனை எளிதாக நிகழ்வதில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

மீண்டும் அந்தத் தீராந்திக்கு வருகின்றேன். தீக்குக் காற்று வேண்டும். இந்தச் சுவாலையற்ற தீக்குக் காற்றோடு ஈரமும் வேண்டும். உலர்ந்த மரத்தின் நிறையில் நூற்றுக்கு 20 பங்கிலும் குறைவாக ஈரம் இருந்தால் பங்கசு வளராது. நீரில் முற்றாக மூழ்கியிருந்தாலும் காற்றின்றி வளராது. துறைமுகத்தில் நட்ட மரத்தூணைப் பாருங்கள்: சேற்றுக்குள் புதைந்த பகுதி திடமாக இருக்கும், மழையில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் நிற்கும் தலைப்பகுதியே உக்கும். கடல் நீருக்குள் நிற்கும் பகுதியைக் குடைவது கப்பற்புழு. அதன் கதை வேறு.

எங்கள் கூரையில் ஒரே ஓர் ஓடு விலகியிருந்தது. வாடைக்காற்று மழையில் ஒழுகிய நீர் சுவருக்குள் இறங்கி, சீமெந்து பூசி அடைத்த தீராந்தியின் நுனியில் தங்கியது. நாங்கள் பூசிய பச்சைப் பூச்சு மழையை உள்ளே விடவில்லை என்பது மெய். உள்ளே புகுந்துவிட்ட ஈரத்தை வெளியே விடவும் இல்லை. மூன்று ஆண்டுகள் பிள்ளைகளின் தலைக்கு மேலே அது கண்ணுக்குப் புலனாகாமல் எரிந்துகொண்டிருந்தது.

புதிய தீராந்தியை ஏற்றியபோது ஓடாவி சுவரில் அதன் நுனியைச் சுற்றி இரு விரற்கடை இடைவெளி விட்டார். மேசன் அதனைச் சாந்தால் அடைக்க வந்தபோது தடுத்துவிட்டார். அன்று தொட்டு ஒவ்வோர் ஆண்டும் புரட்டாதி மாதத்தில் ஏணியும் கூரிய ஊசியும் கொண்டு நானும் காவலாளியும் கூரைக்கு ஏறுகின்றோம். சுவரோடு சேரும் ஒவ்வொரு நுனியிலும் ஊசியால் குத்திப் பார்க்கின்றோம். நல்ல மரத்தில் ஊசி நெல்லளவுக்கு மேல் இறங்காது; உக்கிய மரத்தில் வாழைத்தண்டில் இறங்குவது போல் இறங்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென ஒலிக்கும். மற்றது மந்தமாக ஒலிக்கும். இதற்கு ஒரு காலைப்பொழுது போதும். சென்ற ஆண்டில் நூலக அறையில் ஒரு கைமரத்தின் நுனியில் ஊசி இரண்டங்குலம் இறங்கிற்று. அன்றைக்கே அவ்வறையைப் பூட்டித் திறப்பை என் மேசைக்குள் வைத்துக்கொண்டேன்; கைமரத்தை மாற்றிய பின்னரே மீண்டும் திறந்தோம். பதிவேட்டில் இப்போது நான் 'நன்னிலையில் உள்ளது' என்று எழுதுவதில்லை. எந்த நுனியில் ஊசி எவ்வளவு இறங்கியது என்பதையே எழுதுகின்றேன்.